ஆயிரத்து இருநூறு சுத்து

காஞ்சிபுரம்னு சொன்னதும் வெளியூர்க்காரங்க மூணே விஷயம்தான் கேப்பாங்க. பட்டுப்புடவை எந்தக் கடையில நம்பி வாங்கலாம்? ஒரே நாள்ல எத்தனை கோயில் பாத்து முடிக்கலாம்? கோயில் இட்லி எங்க கிடைக்கும்? பதில் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இதுவரைக்கும் யாருமே கேக்காத நாலாவது விஷயம் ஒண்ணு இருக்கு. அதைப் பத்திதான் இன்னிக்கு. மைக் செட்டு. அதுலயும் பழைய வால்வு செட்டு.

ஆடி மாசம் கூழ் ஊத்துற அன்னிக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு வேப்பமரத்து உச்சியிலேர்ந்து எல்.ஆர்.ஈஸ்வரி பாட ஆரம்பிச்சா, பாயில படுத்திருக்கிற நமக்கு நெஞ்செலும்புல அதிரும் பாருங்க, அந்தச் சத்தத்தைச் சொல்றேன். கல்யாண வீட்டுல முதல்ல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு. அப்புறம் சினிமாப் பாட்டு. நடுநடுவுல "ஹலோ மைக் டெஸ்டிங்". இதுக்கெல்லாம் பின்னாடி ஒரு பந்தக்கால் ஓரமா, சாக்கு விரிச்சு, ஒரு இரும்புப் பெட்டி உக்காந்திருக்கும். உள்ள நாலஞ்சு கண்ணாடி பல்பு ஆரஞ்சு நிறத்துல கனன்டுகிட்டு இருக்கும். சின்ன வயசுல நான் கல்யாணத்துக்குப் போனா மாப்பிள்ளை பொண்ணைப் பாக்க மாட்டேன். பெட்டிகிட்டதான் உக்காருவேன். குளிர்காலத்துல கதகதப்பா வேற இருக்கும்.

காஞ்சிபுரத்துக்கும் மைக்குக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லிட முடியாது. அண்ணா பொறந்த ஊரு (1909). திராவிட இயக்கத்தோட மேடைப்பேச்சு ஊர் ஊரா போய்ச் சேந்த காலமும், வால்வு செட்டு கொடிகட்டிப் பறந்த காலமும் ஒண்ணுதான். திடல்ல கடைசி வரிசையில நிக்கிறவனுக்கும் குரல் போய்ச் சேரணும்னா மைக் வேணும், மைக்குக்குப் பின்னாடி வால்வு வேணும். காந்தி, நேரு பேசுற பழைய போட்டோ பாருங்க, மைக்குல 'சிகாகோ ரேடியோ'ன்னு எழுதியிருக்கும். அமெரிக்கக் கம்பெனின்னு நெனைச்சுடாதீங்க, மோட்வானே குடும்பத்தோட நம்ம நாட்டுக் கம்பெனிதான். பேரு மட்டும் சிகாகோ :-)

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் கட்டியிருக்கேன். 100 வாட். எடை 20 கிலோவுக்கு மேல. ஒத்தை ஆளா தூக்கினா மறுநாள் முதுகுல தைலம் போட யாராவது வேணும். இணையத்துல 'கிட்' வாங்கி ஒட்டினது இல்லை, சேசிஸ் தகரம் வெட்டினதுலேர்ந்து எல்லாம் வீட்டுலதான்.

இதுக்கு குரு எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மெக்கானிக் மாமா. ரேடியோ ரிப்பேர்ல ஆரம்பிச்சு, ஊர்ல இருந்த பாதி மைக் செட்டுக்கு டிரான்ஸ்பார்மர் சுத்திக் குடுத்தவர். 1979-ல அத்திவரதர் எழுந்தப்ப செட்டு போட்டதைப் பத்திக் கேட்டா மணிக்கணக்கா பேசுவாரு. 2019-ல ஜூலை 1-லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் மறுபடி அத்திவரதர் வந்தாரே, அந்தக் கூட்டத்துல வீட்டைவிட்டு வெளிய வர முடியாம திண்ணையில உக்காந்தபடியே எனக்குப் பாடம் எடுத்தாரு. நாற்பது வருஷத்துக்கு ஒருதடவை வர்ற சாமியை ரெண்டு தடவை பாத்துட்டேன், போதும்பான்னாரு. அதேமாதிரி அந்த வருஷம் முடியறதுக்குள்ள போய்ட்டாரு.

அவர்கிட்ட நோட்டுப் புத்தகம்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் தலைக்குள்ளதான். கணக்குப் போடணும்னா தீப்பெட்டி அட்டையைப் பிச்சு அதுல எழுதுவாரு, வேலை முடிஞ்சதும் அதாலயே காது குடைவாரு. அந்தத் தலையிலேர்ந்து நான் வாங்கிக்கிட்டது ஒரு சின்னத் துளி. ஆனா முக்கியமான துளி.

வால்வு ஆம்ப்ளிபயர்னாலே எல்லாரும் வால்வைப் பத்திதான் பேசுறாங்க. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், அந்தக் காலத்து முல்லார்டா, பெங்களூர்ல பி.ஈ.எல். தயாரிச்சதா, இப்படி. மாமா இதைக் கேட்டா சிரிப்பாரு. "வால்வு பல்பு மாதிரி தம்பி. போனா மாத்திக்கலாம். டிரான்ஸ்பார்மர்தான் செட்டு."

இது நூத்துக்கு நூறு உண்மை. ஈ.எல்.34 வால்வு இன்னிக்கும் ஸ்லோவாக்கியாவுல ஜே.ஜே. கம்பெனி தயாரிக்குது. காசு குடுத்தா வீட்டு வாசலுக்கு வந்துடும். ஆனா வால்வை நேரா ஸ்பீக்கர்ல மாட்ட முடியாது. வால்வுலேர்ந்து வர்றது நெறைய வோல்ட்டேஜ், கொஞ்சூண்டு கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். நடுவுல நின்னு மாத்திக் குடுக்கிறது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அதை ஒழுங்கா சுத்தலைன்னா உலகத்துலயே உசந்த வால்வு போட்டாலும் பழைய டெலிபோன் சத்தம்தான் வரும். அதை சுத்தத் தெரிஞ்ச ஆளுங்கதான் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டுப் பாருங்க. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் எத்தனை வேணும்னாலும் சுத்தித் தருவாங்க. அவுட்புட்னா "எதுக்கு சார் இதெல்லாம், போர்டு ரெடிமேடா இருக்கே"ம்பாங்க.

மாமா சொல்லிக் குடுத்த கணக்கு இதுதான். கோரோட நடு நாக்கு எத்தனை இஞ்ச், ஸ்டாம்பிங் அடுக்கு எத்தனை இஞ்ச், ரெண்டையும் பெருக்கு. வர்ற சதுர இஞ்சால ஏழரையை வகு. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துன்னு வந்துடும். (ஏழரையைக் கழிச்சாதான் டிரான்ஸ்பார்மருக்கு நல்ல காலம்னு ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக் வேற. ஒவ்வொரு தடவையும் நாம சிரிச்சாகணும்.)

என்னோட கோர் 2 இஞ்சுக்கு 2 இஞ்ச். 4 சதுர இஞ்ச். ஏழரையை நாலால வகுத்தா ஒரு வோல்ட்டுக்கு 1.875 சுத்து. நாலு ஈ.எல்.34, ரெண்டு ரெண்டா எதிரும் புதிருமா புஷ்-புல், 450 வோல்ட் சப்ளை, 100 வாட். பிரைமரிக்கு லோடு 2000 ஓம். அப்போ பிரைமரி மேல வர்ற ஆடியோ வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 447. பெருக்கினா 838 சுத்து. ஆனா அந்த ஏழரை வாய்ப்பாடு 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு. பாட்டுல அதுக்குக் கீழயும் இறங்கும், தவில் இருக்கு, உருமி இருக்கு. அதனால "ஆடியோன்னா பாதி சேத்துக்கோ". 1257. கொஞ்சம் குறைச்சு 1200 போதும்னாரு. நான் பிற்பாடு புத்தகத்து பார்முலாவுல போட்டுப் பாத்தேன். 33 ஹெர்ட்ஸ்ல கோர் 1.1 டெஸ்லாகிட்ட நிக்குது. நல்ல ஸ்டாம்பிங்குக்கு அழகா தாங்கும். தீப்பெட்டி அட்டை ஜெயிச்சுடுச்சு.

இந்த நாலு ஈ.எல்.34, 100 வாட்ங்கிற சேர்க்கை புதுசு ஒண்ணும் இல்லை. 1960கள் கடைசியில வந்த 100 வாட் மார்ஷல் கிடார் ஆம்ப்ளிபயர்லயும் இதே நாலுதான். லண்டன்ல ராக் பாட்டு, காஞ்சிபுரத்துல கூழ் ஊத்துற பாட்டு. வால்வுக்கு என்ன தெரியும்!

1200 சுத்தை ஒரே மூச்சுல சுத்திட முடியாது. அங்கதான் வேலையே இருக்கு. 300, 300-ஆ நாலு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவுல செகண்டரி ஒரு அடுக்கு, எட்டு ஓமுக்கு 76 சுத்து, அப்படி மூணு அடுக்கு, மூணையும் பேரலலா சேக்கணும். இப்படி மாத்தி மாத்தி சாண்ட்விச் பண்ணாதான் தாளம், ஜால்ரா மாதிரி உச்ச ஸ்தாயி சத்தமெல்லாம் ஒழுகாம வந்து சேரும். அதுக்கு மேல, தெருவுக்குக் கொண்டுபோற 100 வோல்ட் லைனுக்குன்னு தனியா 268 சுத்து. (100 வாட்டை எட்டு ஓம்ல அனுப்பினா மூணரை ஆம்பியர் ஓடும், நீள ஒயர்லயே பாதி செத்துடும். 100 வோல்ட்டா ஏத்தி அனுப்பினா ஒரே ஆம்பியர், தெருக்கோடி வரைக்கும் சின்ன ஒயர் போதும். மின்வாரியம் ஹைடென்ஷன்ல கரண்ட் அனுப்புற அதே சூத்திரம்தான்.)

இதுல இன்னொரு நெளிவு. உள்ள இருக்கிற கட்டுல ஒரு சுத்தோட நீளம் கம்மி, வெளிய போகப்போக நீளம் கூடும். வரிசையா ரெண்டு ரெண்டு கட்டா பிரிச்சா ஒரு பக்க வால்வுக்கு ஒயர் கம்மி, மறுபக்கத்துக்கு ஜாஸ்தின்னு ஆயிடும். அதனால முதல் கட்டும் நாலாவது கட்டும் ஒரு பக்கம், நடுவுல இருக்கிற ரெண்டும் இன்னொரு பக்கம். சொல்லும்போது ரொம்ப எளிமை. இதை மாமா சொன்ன அன்னிக்கு நான் தூங்கல.

கணக்கு கையில வந்துடுச்சு, சுத்துற கை? 28 கேஜ் எனாமல் காப்பர் ஒயர், 0.376 மில்லிமீட்டர். ஒரு அடுக்குக்கு 150 சுத்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, நடுவுல இடைவெளி விடாம, ஒரே இழுவிசையில படுக்கணும். இறுக்கினா ஒயர் மெலியும், இல்லை அறும். தளர்த்தினா அடுக்கு சரியும், ஓரத்துல சரிஞ்ச சுத்து கீழ் அடுக்கைத் தொட்டா, நடுவுல இருக்கிற பேப்பரையும் மீறி நூத்துக்கணக்கான வோல்ட் ஒருநாள் பாயும்.

2020 ஊரடங்கு. வீட்டுல தறி நின்னு போச்சு. பட்டு வரல, ஆர்டர் வரல. எங்க வீட்டுக் குழித்தறியில பாதி நெஞ்ச சேலை ஒண்ணு மாசக்கணக்கா துணி மூடிக் கிடந்துச்சு. அப்புறம் அதை முடிச்சுக் குடுத்ததோட சரி, அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கல, மறுபடி பாவு ஏத்தவே இல்லை. அப்பாவாவது பேப்பர் படிச்சாரு, டிவியில நியூஸ் பாத்தாரு. அம்மாவுக்குத்தான் கையை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. நாப்பது வருஷமா ராட்டையில தார் சுத்தின கை. சும்மா உக்காந்திருக்கும்போதுகூட கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கிட்டே இருக்கும்.

நான் கைச்சுத்து மெஷினை, அதாங்க கைப்பிடியும் கவுன்ட்டரும் வெச்ச சின்ன வைண்டிங் மெஷின், மேஜையில இறுக்கிக்கிட்டு இருந்தேன். அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க.

"என்னாடா இது, ராட்டை மாதிரி?"

"ராட்டைதாம்மா. பட்டுக்குப் பதிலா செம்பு."

ஒயரை வாங்கி ரெண்டு விரலுக்கு நடுவுல ஓட்டிப் பாத்தாங்க. "பட்டை விட இது கெட்டி. ஆனா முறுக்கு ஞாபகம் வெச்சுக்கும் போலருக்கே." இந்த வாக்கியத்தை எந்த டிரான்ஸ்பார்மர் புத்தகத்துலயும் நான் படிச்சதில்லை. செம்புக் கம்பியை ஒருதடவை மடிச்சா அந்த மடிப்பு போகாது, சுத்துற எல்லாருக்கும் இருக்கிற தலைவலி அதுதான். அம்மா தொட்ட ரெண்டாவது நிமிஷம் கண்டுபிடிச்சுட்டாங்க.

அப்புறம் நான் கைப்பிடியைச் சுத்தினேன், அம்மா ஒயரை விட்டாங்க. அவ்வளவுதான் என் பங்கு. கவுன்ட்டர் 150 காட்டினதும் நிறுத்துவேன். லெதராய்டு பேப்பர் ஒரு சுத்து, வார்னிஷ் ஒரு பூச்சு, அடுத்த அடுக்கு. மொத நாள் ரெண்டு அடுக்கு. ரெண்டாம் நாள் மூணு. அம்மாவோட கை கவுன்ட்டரைப் பாக்கவே இல்லை. ஒருதடவை நான் போன்ல பேசிக்கிட்டே 140-ல நிறுத்திட்டேன். "இன்னும் பத்து இருக்குடா"ன்னாங்க. எப்படிம்மா தெரியும்னா, "ஓரத்துக்கு இன்னும் அவ்ளோ எடம் இருக்கே"ன்னாங்க. கோர்வைச் சேலையில கரையும் உடம்பும் சேர்ற எடத்தை வருஷக்கணக்கா பாத்த கண்ணு அது.

ஆறு நாள். சுத்தி முடிச்சு ஸ்டாம்பிங் அடுக்கி போல்ட் முடுக்கினப்போ டிரான்ஸ்பார்மர் மட்டும் ஏழு கிலோகிட்ட. ரெண்டு பக்கத்து ரெசிஸ்டன்சையும் மீட்டர்ல பாத்தேன். ரெண்டும் ஒண்ணுபோல. அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஓரத்தைத் தடவிப் பாத்துட்டு, "ம், கரை ஒழுங்கா இருக்கு"ன்னு சர்டிபிகேட் குடுத்தாரு.

இதைப் படிச்சிட்டு யாராவது உடனே சோல்டரிங் அயர்ன் எடுக்கக் கிளம்பினீங்கன்னா, ஒரு நிமிஷம். 450 வோல்ட் டிசி விளையாட்டு இல்லை. பிளக்கைப் பிடுங்கின பின்னாடியும் கெப்பாசிட்டர்ல அது உக்காந்திருக்கும். 220 மைக்ரோபாரட்ல 450 வோல்ட்னா 22 ஜூல். ஆளைக் கொல்லலாம். கெப்பாசிட்டருக்குக் குறுக்க ப்ளீடர் ரெசிஸ்டர் கண்டிப்பா போடணும், அதையும் நம்பாம மீட்டர் வெச்சு பூஜ்யம் பாத்த பின்னாடிதான் கையை உள்ள விடணும். இங்கிலீஷ் புத்தகத்துல ஒரு கையைப் பாக்கெட்ல வெச்சுக்கன்னு எழுதியிருப்பான். மாமா வேட்டி கட்டுறவர், பாக்கெட்டுக்கு எங்க போறது? இடது கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு வேலை பாப்பாரு. ரெண்டு கையும் உள்ள இருந்தா கரண்ட் நெஞ்சு வழியா போகும், ஒரு கைன்னா அந்த வழி அடைபட்டுடும். அவர் காலத்து 807 வால்வுல ஆனோடு தலை உச்சியில தொப்பி மாதிரி வெளியிலயே இருக்கும். நூத்துக்கணக்கான வோல்ட் திறந்தவெளியில! அந்தக் காலத்து மைக் செட்டு ஆளுங்களை நெனைச்சா கும்பிடத் தோணுது.

மொதல்ல ஆன் பண்ணும்போது 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை மெயின்ஸ்ல சீரிசா போட்டேன். எங்கயாவது ஷார்ட்னா பல்பு எரியும், செட்டு தப்பிச்சுடும். பல்பு பளிச்னு ஒரு நொடி எரிஞ்சு மங்கிடுச்சு. நல்ல சகுனம். வால்வு நாலும் மெதுவா சிவந்துச்சு. பயாஸ் மைனஸ் 38 வோல்ட்கிட்ட, ஒவ்வொரு வால்வுக்கும் 35 மில்லிஆம்பியர். பீட்பேக் ஒயரைத் தொட்டதும் ஊஊஊன்னு ஊளை. இது பாதிக்குப் பாதி நடக்கும், கட்டம் தலைகீழா இருக்குன்னு அர்த்தம். ஆனோடு ஒயருங்களைப் பக்கம் மாத்திப் போட்டா அடங்கிடும். அடங்கிடுச்சு.

முழு பவர் சோதனைக்கு ஸ்பீக்கர் போடல, அக்கம்பக்கம் சும்மா விடாது. எட்டு ஓம் வயர்வுண்ட் ரெசிஸ்டர் கூட்டத்தை வாளித் தண்ணியில முக்கி அதைத்தான் லோடா குடுத்தேன். 28 வோல்ட் வந்துச்சு. 28-ஐ 28-ஆல பெருக்கி எட்டால வகுங்க. 98 வாட்! ரூம்ல ஸ்பீக்கரே இல்லை, ஆனா மெல்லிசா ஒரு சத்தம் கேக்குது. டிரான்ஸ்பார்மர் ஸ்டாம்பிங்கே அதிருது. சிக்னலை எடுத்துட்டு பாட்டு குடுத்தேன். ரொம்ப தூரத்துல யாரோ பாடுற மாதிரி, இரும்புக்குள்ளேர்ந்து வருது. அம்மா காதைக் கிட்ட கொண்டுபோய்க் கேட்டாங்க. "இதுக்காடா ஆறு நாள்?"ன்னு ஒரு பார்வை. அப்புறம் வாளியில கையை விட்டுட்டு, "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, கால் கழுவிக்கலாம்"னாங்க :-)

20 ஆயிரம் ஹெர்ட்ஸ்ல அரை டெசிபல்கூட இறங்கல. காயலான் கடையில எடுத்த ஒரு பழைய மைக் செட்டு டிரான்ஸ்பார்மரைப் பக்கத்துல வெச்சு சோதிச்சேன், அது எட்டாயிரத்துலயே மூச்சு வாங்குது. காலேஜே பாக்காத விரல் சுத்தின டிரான்ஸ்பார்மர்ங்க இது.

வால்வு சத்தம் டிரான்சிஸ்டர் சத்தத்தைவிட ஒசத்தியான்னு சண்டை போட எனக்கு ஆசையில்லை. இன்னிக்கு உள்ளங்கை அளவு போர்டு 100 வாட் தருது, சூடாறதே இல்லை. என் செட்டு பாடாம சும்மா நிக்கும்போதே 100 வாட்டுக்கு மேல குடிக்குது. மைக் செட்டுக்காரங்க வால்வை விரும்பினதுக்கு நான் நம்புற காரணம் வேற. தெருவுல ஒயர் ஒட்டி ஷார்ட் ஆச்சுன்னா பழைய டிரான்சிஸ்டர் செட்டு அந்த நொடியே காலி. வால்வு கொஞ்ச நேரம் பொறுத்துக்கும். வால்வுக்கு பயம் எதிர்ப்பக்கம்: லைன் அறுந்து லோடே இல்லாம போச்சுன்னா டிரான்ஸ்பார்மர்ல வோல்ட்டேஜ் எகிறி உள்ளுக்குள்ள பொறி பறக்கும். ரெண்டுக்கும் தனித்தனி எமன்.

சரி, இதை எங்க பாட வைக்கிறது? தெருவுல முடியாது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் வெளியில ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில பகல்லயே 55 டெசிபல்தான் வரம்பு. 2005 ஜூலையில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. கூம்பு ஸ்பீக்கரைப் பாத்தாலே போலீஸ் கழட்டச் சொல்றாங்க. எனக்கு இதுல வருத்தம் இருக்கணும்தானே? இல்லைங்க. எதிர்வீட்டுல பிளஸ் டூ பரிட்சைக்குப் படிக்கிற பொண்ணு இருக்கு, பக்கத்து வீட்டுல இதய ஆபரேஷன் ஆன பெரியவர் இருக்காரு. அஞ்சு மணி வேப்பமரத்துப் பாட்டு எனக்கு இனிப்பா இருந்துச்சுன்னா, அன்னிக்கு எனக்குப் பரிட்சையும் இல்லை, நெஞ்சு வலியும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால 268 சுத்து 100 வோல்ட் லைன் இன்னிவரைக்கும் வேலையில்லாம இருக்கு. செட்டு இருக்கிறது தறிக்குழி இருந்த அறையில. குழியை மண் கொட்டி மூடி சிமென்ட் பூசிட்டோம். அந்த எடத்துலதான் மேஜை. ஒரு வாட், ரெண்டு வாட்ல ராத்திரி எட்டு மணிக்கு பாட்டு ஓடும். அப்பா கண்ணை மூடிக்கிட்டு கேப்பாரு. அம்மா பாட்டு கேக்குறதில்லை, டிரான்ஸ்பார்மர் சூடு ஆகுதான்னு அப்பப்ப தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க.

ஒரு சேனல்தான் இப்போ. ஸ்டீரியோன்னா இதேமாதிரி இன்னொண்ணு வேணும். ஸ்டாம்பிங் வாங்கி கட்டில் அடியில வெச்சிருக்கேன், ஒயரும் ரெண்டு கிலோ வந்துடுச்சு. நானே தனியா ஒருதடவை ரெண்டு அடுக்கு சுத்திப் பாத்தேன், அம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பிரிச்சுப் போட்டுட்டாங்க. வலது கண்ணுல புரை. தை பொறந்ததும் ஆபரேஷன், அப்புறம் ஒரு மாசம் ஒயர் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட நான் சொல்லச் சொல்லியிருக்கேன். அம்மாவோட திட்டம் வேற. ஆபரேஷனுக்கு முன்னாடியே நாலு கட்டையும் முடிச்சுடலாம்ங்கிறாங்க. "கண்ணு எதுக்குடா, ஓரத்துல விரல் இருக்கே"ன்னு நேத்து சாயந்தரம் மெஷினைத் தொடைச்சு மேஜையில வெச்சுட்டாங்க.